கயிற்றின் நீளமான பாதி

“யாரு கொன்னான்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம் மேடம். அது ஊருக்கே தெரியும். ஏன் கொன்னார்னு மட்டும் சொல்லுங்க. அதுக்குத் தக்கன வெறுத்துக்கிடுதேன்.”

துப்பறிவாளர் வெங்கடேஸ்வரியிடம் இப்படி ஒரு வேலையை இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவளுடைய ஒற்றை அறை அலுவலகம். போலீசில் பதினெட்டு வருஷம் இருந்தவள். கணவர் போன பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இதைத் திறந்தாள். வருகிறவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்வார்கள், மீதிப் பேர் காணாமல் போன நாயைத் தேடச் சொல்வார்கள். இரண்டில் நாய் தேடுவதுதான் மரியாதையான வேலை என்பது ஜெபக்குமார் அண்ணாச்சியின் கருத்து.

அண்ணாச்சிதான் அவளுடைய உதவியாளர். முப்பத்தி நாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் படியேறி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், அப்படியே சேர்ந்துகொண்டார். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வெங்கடேஸ்வரியை “சாப்டியாம்மா?” என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் அவரை அவள் போகச் சொல்லவே இல்லை.

எதிரே இருந்த கார்த்திகாவுக்கு இருபத்திரண்டு வயது. ஊர் சோழபுரம். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா சின்னக்கருப்பன் கிணற்றில் விழுந்து செத்துப் பதிமூன்று நாளாகிறது. பதினாறாம் நாள் காரியம் இன்னும் நடக்கவில்லை.

“முழுசாச் சொல்லு தாயி” என்றாள் வெங்கடேஸ்வரி.

அவள் சொன்னது இது. மழை பெய்து வரப்பெல்லாம் சொதசொதவென்று கிடந்த காலை. தேங்காய் ஏற்றிய குட்டியானை சரக்கு வண்டியைச் சின்னக்கருப்பன் பின்னால் எடுக்கும்போது பின்சக்கரம் இரண்டும் வழுக்கி, தடுப்புச் சுவர் இல்லாத கிணற்றின் விளிம்பில் தொங்கிவிட்டன. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி உள்ளே போய்விடும். அதனால் அவரால் இறங்கவும் முடியவில்லை. கார்த்திகா தானே டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் கயிறு கட்டி இழுக்கிற சூட்சுமம் அந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது பாண்டிதுரை. சின்னக்கருப்பனின் அண்ணன். கடலோரக் காவல்படையில் இருந்து ஓய்வு பெற்று, ஊர்க்கோடியில் ஒண்டிக்கட்டையாக இருப்பவர்.

“அந்த ஆளும் எங்கப்பாவும் பேசிப் பதினோரு வருசம் ஆச்சு. எங்க தாத்தா செத்தப்ப, மூத்த மகன்னு கொள்ளி வைக்க வேண்டியவர் வரவே இல்ல. எங்கப்பாதான் வச்சார். மூணாம் நாள் வந்து நின்னாராம், ஏன் வரலைங்கிறதுக்கு வாயத் தொறக்கலையாம். அன்னைக்கே அத்துப்போச்சு.”

“ஆனா நீ போய்க் கூப்பிட்டதும் வந்தாரே?”

“வந்தார். கயிறோட வந்தார். கூடவே ஒரு கோடாலியும் கொண்டுவந்தார். தீட்டி வச்ச கோடாலி மேடம்! வண்டி இழுக்க வாரவருக்குக் கோடாலி எதுக்கு? உதவிக்கு நின்ன அம்புட்டுப் பேரையும் வெரட்டிவிட்டார். என்கிட்ட, ‘என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்கப்படாது, முன்னால பாத்தே ஓட்டு’ன்னார். ஓட்டினேன். டிராக்டர் வழுக்கிப் பின்னால போச்சு, முன்சக்கரம் ரெண்டும் மேல தூக்கிருச்சு. பொறவு பொசுக்குன்னு சக்கரம் கீழ வந்து விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா வண்டி இல்ல. அந்த ஆளு கோடாலியோட நிக்கார்.”

கொலை வழக்கு. ‘நான்தான் வெட்டினேன்’ என்று பாண்டிதுரை அன்றைக்கே சொல்லிவிட்டார். வக்கீல் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். நாளைக்குக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டிடமே வாக்குமூலம் கொடுக்கப் போகிறார். கொடுத்துவிட்டால் பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்றுவது கஷ்டம்.

“எனக்குன்னு இருந்தது ரெண்டு பேரு” என்றாள் கார்த்திகா. “ஒருத்தர் போயாச்சு. மிச்சம் இருக்கவரை நான் என்ன செய்யன்னு தெரியணும்.”

சோழபுரத்தில் அந்த டிராக்டர் வயலோரத்தில் விட்ட இடத்திலேயே நின்றது. அதன் கொக்கியில் கட்டியிருந்த தடித்த நைலான் கயிறும் அப்படியே சேற்றில் கிடந்தது. கோடாலி கிடைத்த சந்தோஷத்தில் போலீஸ் கயிற்றை மறந்துவிட்டது.

டிராக்டரின் இரும்பு விளிம்பில் கயிறு உரசுகிற இடத்தில் வெள்ளைத் துணி வரிசை வரிசையாகச் சுற்றப்பட்டு, சணலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. சத்திரப்பட்டிப் பக்கம் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணி.

“பாவம், கயித்துக்கு எங்க அடி பட்டுச்சோ” என்றார் ஜெபக்குமார். “உள்நோயாளியாச் சேத்துக் கட்டுப் போட்டிருக்காக.”

“விளிம்புல உரசித் தேயாம இருக்கச் சுத்தியிருக்கார் அண்ணாச்சி. கொல்ல வந்தவர் கயிறு தேஞ்சிரும்னா கவலைப்படுவார்? அந்த முனை எங்க இருக்குன்னு பாருங்க.”

அண்ணாச்சி பூக்காரியைப் போல முழம் போட்டுக்கொண்டே நடந்தார். முப்பத்தோராவது முழத்தில் கயிறு முடிந்தது. நுனி சீராக வெட்டுப்பட்டிருந்தது. அறுந்த கயிற்றின் நுனி என்றால் பிசிறு பிசிறாக, உருகி ஒட்டினாற்போல இருக்கும்.

வெட்டுதான், சந்தேகமில்லை. வெங்கடேஸ்வரிக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆனது.

அன்றைக்கு நடந்ததைத் தூர நின்று பார்த்தவள் ஆவுடையம்மாள். ஆடு மேய்க்கிறவள். இன்றைக்கும் அங்கேதான் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரையும் வெரட்டுனார் தாயி. கயிறுக்கு நேரா ஒருத்தனும் நிக்கப்படாதுன்னு கத்துனார். என் வெள்ளாட்டைக்கூடக் கல்லெடுத்து வெரட்டுனார்.”

“ஆடு சாட்சி சொல்லிரும்னு பயந்திருப்பாரு” என்றார் ஜெபக்குமார்.

“ஏன்யா, பல்லு போற வயசுல நக்கல் ஒனக்கு. கேளு தாயி. கோடாலியை ஓங்குனதை இந்தக் கண்ணாலயே பாத்தேன்.”

“எறக்கினதை?”

“அதை எப்படிப் பாப்பேன்? கண்ண மூடிட்டேம்லா.”

கோடாலி இறங்கியதை யாரும் பார்க்கவில்லை என்பதை வெங்கடேஸ்வரி குறித்துக்கொண்டாள். பிறகு அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

எஸ்.ஐ. ஐயாதுரை பழைய பழக்கத்துக்காக ஐந்து நிமிஷம் கொடுத்தார். கிணற்றிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கிய குட்டியானை ஸ்டேஷன் முற்றத்தில் நின்றது. முன்கண்ணாடி முழுக்க உடைந்து போயிருந்தது. பம்பருக்குக் கீழே கொக்கியில் கயிற்றின் மறுபாதி தொங்கியது. அண்ணாச்சி முழம் போட்டார். ஒன்றரை முழம்கூட இல்லை.

மேஜை மேல் பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்த கோடாலி இருந்தது. அதன் வாய் முழுக்க மஞ்சளாக கிரீஸ் அப்பியிருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு நார் ஒட்டியிருக்கவில்லை.

“இதுல எதுக்கு சார் கிரீஸ்?”

“வழுவழுன்னு எறங்கும்லா. அம்புட்டுத் திட்டம் போட்டிருக்கான்” என்றார் எஸ்.ஐ.

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார். “எங்க டெப்போவுல கிரீஸ் வைக்கிறது துருப்பிடிக்காம இருக்க. அந்தக் கணக்குல பாத்தா எங்க மெக்கானிக் எல்லாம் கொலைகாரன்தான்.”

வெங்கடேஸ்வரி சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை முப்பத்தொன்று, ஒன்றரை என்று முழக்கணக்கையே போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணாச்சிக்குக் காலியான சீட் இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம் நின்றால்தான் பயணம் செய்த மாதிரி இருக்கும். கார்த்திகாவும் கூடவே வந்தாள். கிளைச்சிறை வாசல் வரை வந்து, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

“உள்ள வரலையா?”

“நான் எதுக்கு?” என்றாள்.

பார்க்க வருகிறவர்கள் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். பெயர், ஊர், கைதிக்கு என்ன உறவு. உறவு என்ற இடத்தில் வெங்கடேஸ்வரி ‘விசாரணை’ என்று எழுதினாள். வார்டர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பதிமூணு நாளும் இந்த ஆளுக்கு ஒரு மனுசர் வரல. நீங்கதான் மொதல்” என்றார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பாண்டிதுரை நேராக நின்றார். ஐம்பத்தெட்டு வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி. கையைக் கட்டிக்கொண்டு, எதுவும் சொல்ல மாட்டேன் என்று முகத்திலேயே பூட்டுப் போட்டிருந்தார்.

கொலையைப் பற்றி அவள் கேட்கவில்லை. “கடல்ல படகை இழுத்துட்டு வாரப்ப, கோடாலியை எங்க வைப்பீக?” என்று கேட்டாள்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. 

“கயிறுக்குப் பக்கத்துலயே வைப்போம்” என்றார். “கை நீட்டுனா எடுக்கணும். அதுக்கு வேற வேலை கொடுக்க மாட்டோம். கிரீஸ் தடவி, துணி சுத்தி வச்சிருப்போம். இழுக்கக் கயிறு கட்டுனா கோடாலியும் அங்க வந்துரணும். அது பழக்கம்.”

“எதுக்கு?”

“பின்னால வாரது முங்கிட்டா முன்னால போறதையும் இழுத்துரும்லா.”

பூட்டு கொஞ்சம் இளகியது. பதிமூன்று நாளாக யாரிடமும் பேசாத மனிதர் அவர். பேச ஆள் கிடைத்ததும், அதுவும் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசக் கிடைத்ததும், வார்த்தை தானாக வந்தது. முதலில் நுனியில் கனம் கட்டின மெல்லிசு நூலைத்தான் படகுக்கு எறிவார்கள். அதன் வாலில் கொஞ்சம் தடித்த கயிறு, அதன் வாலில்தான் இழுவைக் கயிறு போகும். எடுத்த எடுப்பில் பெரிய கயிற்றை எறிய எந்த வீமனாலும் முடியாது.

“கயிறு விறைப்பா நிக்கப்படாது. நடுவுல தொய்ஞ்சு கடலுக்குள்ள கெடக்கணும். அலை தூக்குறப்ப அந்தத் தொய்வுதான் தாங்கும். தண்ணியை விட்டு எந்திரிச்சு நேராச்சுன்னா ஆபத்து. நைலான் அறுந்தா சவுக்கு மாதிரித் திரும்பி வரும், நேரா நிக்கிறவன் ரெண்டு துண்டு. அதனால ஒருத்தனையும் நிக்க விட மாட்டோம். முன்னால ஓட்டுறவன் முன்னால மட்டுந்தான் பாக்கணும். பின்னால பாக்குறதுக்குன்னு ஒருத்தனை உக்கார வச்சிருவோம்.”

“யாரை?”

“கயித்து வாட்ச். நான் அதுதான். அரைமணிக்கு ஒருதரம் கயித்தை ஒரு அடி தளத்தி விடணும், ஒரே எடத்துல உரசாம. மத்த நேரம் சும்மா பாத்துட்டே இருக்கணும். மூணு நாள்கூட ஆகும் கரைக்கு வர. பின்னால படகுல ஒருத்தன் சுக்கானைப் பிடிச்சிட்டு இருப்பான். அவன் அங்க தனி, நான் இங்க தனி. நடுவுல கயிறு. பேச்சு கேக்காது. ஆனா அவன் இருக்கான்னு கயித்துல தெரியும்.”

கணவர் போன பிறகு வீட்டில் மிக்சியைக்கூடத் தேவையில்லாமல் ஓட விட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சாயங்காலங்கள் வெங்கடேஸ்வரிக்கு ஞாபகம் வந்தன. இந்த மனிதருக்கு ஒரு கயிறாவது இருந்திருக்கிறது என்று நினைத்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

“வெட்ட வேண்டி வந்தா எந்த எடத்துல வெட்டுவீக?”

“நம்ம முனையில. நம்ம கப்பல் விளிம்புல கட்டை மேல வச்சு ஒரே போடு. கயிறு அம்புட்டும் முங்குற படகோட போயிரணும். நம்ம பக்கம் நீளமா மிச்சம் கெடந்தா நம்ம புரொப்பல்லர்லயே சுத்திக்கிடும்.”

“மாத்தி வெட்டினதே இல்லையா?”

“வேலை தெரியாதவன்தான் மாத்தி வெட்டுவான்” என்றார் ரோஷத்தோடு.

“சோழபுரத்துலயும் அப்படித்தானே வெட்டினீங்க? டிராக்டர் பக்கத்துல நின்னு?”

“பொறவு? அங்கதான் நின்னேன். ஆவுடை பாத்தாளே.”

“அப்பக் கயிறு கிணத்துக்குள்ளல்லாய்யா போயிருக்கணும்?” என்றாள் வெங்கடேஸ்வரி. “டிராக்டர்ல முப்பத்தோரு முழம் தொங்குது. நீங்க சுத்தின பேண்டேஜ் துணி கட்டின மேனிக்கு இருக்கு. வண்டி கொக்கியிலதான் ஒன்றரை முழம். உங்க கோடாலியில வச்ச கிரீஸ் வச்சபடி இருக்கு. வெட்டு விழுந்தது உங்க முனையில இல்ல. உங்க தம்பி முனையில.”

பாண்டிதுரையின் கட்டிய கை அவிழ்ந்தது. 

“முன்கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு. தேங்கா வண்டியில அரிவாள் இல்லாம இருக்காது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துட்டு, கண்ணாடியை உடைச்சு அது வழியா எட்டிக் குனிஞ்சு, அவரே வெட்டியிருக்கார். மக டிராக்டரோட மல்லாந்து உள்ள வாரதைப் பாத்துட்டு. சரிதானே?”

பாண்டிதுரை தலையை ஆட்டினார்.

“பதினோரு வருசத்துக்கு முந்தி ஒரு விசைப்படகை இழுத்துட்டு வந்தோம். மத்தவங்களை ஏத்திக்கிட்டோம். சுக்கான் பிடிக்க ஒருத்தர் இருந்தார். ‘என் படகு, நான் எறங்க மாட்டேன்’னார். ரெண்டு நாளா அவரும் நானும்தான். கயித்தைத் தளத்துறப்ப எல்லாம் கையை ஆட்டுவார். மூணாம் நாள் காலையில காத்து அடிச்சுப் படகு முங்குச்சு. வெட்டுன்னு ஆர்டர். வெட்டினேன். அவர் குதிச்சார். எம்புட்டோ தேடினோம், கெடைக்கல. யார் மேலயும் குத்தம் இல்ல. எனக்குச் சர்டிபிகேட் குடுத்தாக.” நிறுத்தினார். “கரைக்கு வந்தப்பொறவுதான் தெரியும், அங்க நான் கயித்துக்குக் காவல் இருந்தப்ப இங்க எங்கய்யாவை எரிச்சிட்டாகன்னு. தம்பி ஏன் வரலைன்னு கேட்டான். எதைச் சொல்ல? சொன்னா அதையும் சொல்லணும்லா.”

“அன்னைக்குக் கோடாலியை ஓங்கினீங்களே?”

“ஓங்கினேன். இறக்க முடியல தாயி. கை வரல. டிராக்டர் தூக்குது, பிள்ளை அதுல இருக்கா, வெட்ட வேண்டியவன் நான், மரம் மாதிரி நிக்கேன். வண்டிக்குள்ள இருந்து அவன் கத்துனான். ‘அண்ணே, வெட்டு’ன்னான்.” கம்பியைப் பிடித்துக்கொண்டார். “பதினோரு வருசம் கழிச்சு எங்கூடப் பேசுனது அந்த ரெண்டு வார்த்தைதான். அதையும் நான் கேக்கல. அவனே வெட்டிக்கிட்டான்.”

“பொறவு ஏன் நீங்க வெட்டினதாச் சொன்னீங்க?”

“அந்தப் பிள்ளைக்காகத்தான். தனக்காக ஒருத்தர் செத்தார்ங்கிறதைத் தூக்கிட்டுத் திரியப்படாது தாயி. நான் திரியுதேன்லா, எனக்குத் தெரியும். தூக்கம் வராது, ஒருத்தர்கிட்டயும் ஒட்ட முடியாது. என்னை வெறுத்துட்டு அவ பாட்டுக்கு நல்லா இருந்துட்டுப் போறா. தயவுசெஞ்சு சொல்லிராதீக.”

 அவர் கேட்ட மாதிரியே பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று வெங்கடேஸ்வரிக்கு ஒரு கணம் தோன்றவும் செய்தது.

“ஐயா, கயித்தோட நீளமான பாதி அவ டிராக்டர்லதான் தொங்குது. அது இனி அவகூடத்தான் வரும். நான் சொல்லாட்டியும் என்னைக்காவது ஒருநாள் அவளாவே முழம் போட்டுப் பாப்பா. அன்னைக்கு நீங்களும் ஜெயில்ல இருந்தீங்கன்னா, அவ யார்கிட்டப் போய் அழுவா?”

அவள் கிளம்பியபோதும் அவர் கம்பியை விடவில்லை.

டீக்கடை பெஞ்சில் கார்த்திகா அதே இடத்தில் இருந்தாள். வாங்கிய டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. வெங்கடேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். முழக்கணக்கு, கிரீஸ், அரிவாள், நடுக்கடலில் கையாட்டியவர், தாத்தாவின் கொள்ளி, கடைசியாக அந்த இரண்டு வார்த்தை. எதையும் பூசி மெழுகவில்லை.

கார்த்திகா அழவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிப்பது போல முழங்கால் மேல் இறுக்கி வைத்திருந்தாள்.

“திரும்பிப் பாக்கப்படாதுன்னு சொன்னது... அப்பா வெட்டினதை நான் பாக்கப்படாதுன்னா?”

“இல்ல தாயி. முன்னால ஓட்டுறவ முன்னாலதான் பாக்கணும். அது அவங்க தொழில் பழக்கம். ஆனா நீ பாக்காம இருந்ததும் நல்லதுதான்.”

“பின்னால பாக்குறதுக்கு அவிய இருந்தாகல்லா” என்றாள் கார்த்திகா மெதுவாக. காலையிலிருந்து ‘அந்த ஆளு’ என்றே சொல்லிவந்தவள், இப்போது மரியாதையாக ‘அவிய’ என்றாள்.

எழுந்து சாலையைக் கடந்து போனாள். வார்டர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்றார். ஜெபக்குமார் அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

“சார், முப்பத்தி நாலு வருசம் கண்டக்டரா இருந்தேன். ஓடி வாரவுகளை விட்டுட்டு ஒருநாள்கூட விசில் அடிச்சதில்ல. நீங்களும் அடிக்காதீக.”

வார்டர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு சீட்டையும் பேனாவையும் நீட்டினார்.

கார்த்திகா பெயரை எழுதினாள். ஊரை எழுதினாள். கைதிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. வெங்கடேஸ்வரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வார்டர் சீட்டை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டே சத்தமாகப் படித்தார். “கைதி பாண்டிதுரை. பார்க்க வந்தவர் கார்த்திகா, சோழபுரம். உறவு, மகள்.”

கம்பிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்து திரும்பி நடந்துகொண்டிருந்த பாண்டிதுரை நின்றார்.